பேலன்ஸ் வராம பிரிண்ட் ஃபைல் குடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை டிசைனர்:
ஆடியும் மலையாளக் கர்க்கடக மாசமும் ஒண்ணாத்தான் வருது. தமிழ்நாடு-கேரளா எல்லைக்கு ரெண்டு பக்கமும் கல்யாணம் இல்லாத மாசம். சீசன்ல ராத்திரி முழிச்சு டிசைன் போட்ட கல்யாண ஆல்பம் ஷீட்டுக்கு வரவேண்டிய காசை வச்சுத்தான் இதைத் தாண்டணும். திருச்சூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோ இன்னும் பேலன்ஸ் போடலை. கூப்பிட்டா "நாளெ இடாம்", நாளைக்குப் போடறேன்னுதான் பதில். ஆல்பமெல்லாம் அச்சாகி வீட்டுக்காரங்க கைக்கே போயாச்சு. இப்ப ஆவணி முகூர்த்தத்துக்கு ஹார்ட் டிஸ்க் அனுப்பட்டுமான்னு கேக்கறாங்க. இனிமே பாதி அட்வான்ஸ் வந்தாத்தான் வேலையைத் தொடுவேன். மீதி வந்தாத்தான் பிரிண்ட் ஃபைல். அதுவரைக்கும் வாட்டர்மார்க் போட்ட சின்ன ஜேபெக் மட்டும். இந்தப் பக்கம் இருக்கற டிசைனர், எடிட்டர் எல்லாரும் இதையே பிடிச்சு நிக்கணும்கறது என் கட்சி.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
தம்பி, கோவம் நியாயம். வழி தப்பு. கல்யாண வீட்டுக்காரங்க எங்களுக்கு எப்படிக் குடுக்கறாங்கன்னு பாரு. புக்கிங்ல கொஞ்சம், கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம், மீதி ஆல்பம் கைக்கு வந்தப்புறம். மண்டபம், சமையல், நகைக்கடை எல்லாம் முடிஞ்சு கடைசி வரிசையில நிக்கறது போட்டோகிராஃபர்தான். நீ ஃபைலைப் பிடிச்சு வச்சா ஆல்பம் அச்சாகாது. ஆல்பம் போகாம அங்கிருந்து பணம் வராது. அது வராம நான் உனக்கு எங்கிருந்து எடுத்துத் தர்றது? இன்னொண்ணு. ஒரு குடும்பத்தோட கல்யாணம் மொத்தத்தையும் ஒரு டிஸ்க்குல போட்டு, பஸ்ஸுல உங்க ஊருக்கு அனுப்பறோம். அன்னிக்கு உன்கிட்ட நாங்க ஜாமீன் கேட்டோமா?

கொழிஞ்சாம்பாறை டிசைனர்:
நம்பி அனுப்பினீங்க அண்ணா, அதை நான் மறக்கலை. நீங்க எனக்குப் பாக்கி வச்சதும் இல்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்காரங்க பணம் வரலைன்னு ஆல்பம் அச்சடிக்கற லேப்புக்குக் கடன் சொல்வீங்களா? கோயமுத்தூர் லேப்பு காசைப் பாத்துட்டுத்தான் ஆல்பப் பெட்டியை வெளிய விடுது. டிரைவருக்கு அன்னன்னிக்கே வாடகை. கேமரா அசிஸ்டென்ட்டுக்குச் சாயங்காலமே பேட்டா. வீட்டுக்காரங்க இழுக்கற இழுப்பு மொத்தமும் டிசைனர் தலையிலதான் விடியுது. லேப்புக்குக் கிடைக்குதுன்னா அது பொருளைப் பிடிச்சு வச்சிருக்கறதாலதான். எனக்குப் பொருள்னு இருக்கறது அந்த ஃபைல் ஒண்ணுதான்.

சித்தூர் எடிட்டர்:
லேப்பு மெஷின் போட்டு உக்காந்திருக்கு. நம்மகிட்ட ஒரு கம்ப்யூட்டர். நான் அட்வான்ஸ் கேட்டா அடுத்த தெருப் பையன் கேக்காம வாங்கிக்குவான். ரெண்டாவது, வேலை எப்ப முடிஞ்சதுன்னு யார் சொல்றது? ஷீட்டு ஓகேன்னு சொல்லிட்டு, மாப்பிள்ளையோட அத்தை படம் முன்னாடி வரணும்பாங்க. அதை மாத்தினா பொண்ணு வீட்டுக்காரங்க படம் சின்னதாப் போச்சுன்னு இன்னொரு கரெக்ஷன். அதைக் காட்டியே பேலன்ஸ் நிக்குது. போதாததுக்குக் கோயமுத்தூர்ல ஒருத்தர் "நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, ஜிஎஸ்டி பில் இல்லாம பணம் போட முடியாது"ங்கறார்.

வாளையார் மொழிபெயர்ப்பாளர்:
அந்த ஜிஎஸ்டி பேச்சை நம்பாதீங்க தம்பி. சேவை வேலைன்னா, வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருக்கறவரைக்கும் மாநிலம் தாண்டி பில் போடவும் பதிவு கட்டாயம் இல்லை. 2017 அக்டோபர்லயே அந்த விலக்கு வந்தாச்சு. சாதாரண பில் போதும்.

நான் தமிழும் மலையாளமும் மாத்தி எழுதறவ. அட்வான்ஸ் கேக்கறது சரிதான், ஆனா அது மட்டும் பத்தாது. உதயம் பதிவு பண்ணுங்க, சின்னத் தொழில்காரங்களுக்கு அரசாங்கம் ஆன்லைன்ல குடுக்கற பதிவு அது. ஆதாரும் பேன் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வேலையை வாங்கினவர் பணம் குடுக்க, எழுத்துல கெடு பேசலைன்னா 15 நாள், பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. கரெக்ஷனுக்கும் அதுல வழி இருக்கு. குறை இருந்தா வேலையைக் குடுத்த 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும். சொல்லலைன்னா குடுத்த நாளே ஏத்துக்கிட்ட நாள்.

எல்லையில இருக்கற நமக்கு முக்கியமானது இது: வாங்கினவர் இந்தியாவுல எந்த மூலையில இருந்தாலும், இந்த மாதிரி பாக்கி வழக்கை விசாரிக்கற வசதிக் கவுன்சில்ல, நீங்க இருக்கற இடத்துலயே புகார் குடுக்கலாம். ஆன்லைன்லயே போடலாம், கோயமுத்தூர் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆனா பதிவை முன்னாடியே பண்ணி வச்சுக்கறதுதான் பத்திரம். சில்பி இண்டஸ்ட்ரீஸுக்கும் கேரளப் போக்குவரத்துக் கழகத்துக்கும் நடந்த வழக்குல 2021ல உச்ச நீதிமன்றம், பின்னாடி பதிவு பண்ணிட்டு முன்னாடி எடுத்த வேலைக்கு இந்தச் சலுகையைக் கேக்க முடியாதுன்னு சொல்லிச்சு.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
சட்டம் தெரிஞ்சு பேசறீங்க அம்மா, மதிக்கறேன். ஆனா ஒரு ஸ்டுடியோ மேல கவுன்சில்ல புகார் குடுத்தா, அடுத்த வாரமே சுத்துப்பட்டு அத்தனை ஸ்டுடியோவுக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் யார் டிஸ்க் அனுப்புவாங்க? 90 நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கலாம். அந்த 90 நாளும் பையன் என்ன சாப்பிடுவான்?

வாளையார் மொழிபெயர்ப்பாளர்:
புகார் கடைசிப் படிதான் சார். ஆனா பில்லுல உதயம் எண்ணும் "15 நாளில் செலுத்தவும்"ங்கற வரியும் இருந்தாலே கம்பெனிக்காரங்க பேச்சு மாறுது. கெடு தாண்டின பாக்கியை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாது, குடுக்கற வருஷம்தான் காட்டலாம்னு வருமான வரியில 2024-25 மதிப்பீட்டு ஆண்டுலருந்து வந்திருக்கே. அவங்க ஆடிட்டரே துரத்துவார்.

சித்தூர் எடிட்டர்:
கம்பெனிக்கு உறைக்கும் அக்கா. சின்ன ஸ்டுடியோக்காரங்க நிறையப் பேர் செலவுக் கணக்கு காட்டாம, வரவுல இத்தனை சதவீதம் லாபம்னு உத்தேச வருமானக் கணக்குல வரி கட்டறவங்க. அவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. பழகினவங்களுக்குக் கால் பங்கு அட்வான்ஸ், புதுசா வர்றவங்களுக்குப் பாதி. அதுக்கு மேல நான் போகமாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை டிசைனர்:
பழகினவங்கதான் தம்பி பாக்கி வைக்கறாங்க. புது ஆளு பயந்துட்டாவது குடுத்துடறான்.

வாளையார் மொழிபெயர்ப்பாளர்:
பழைய பாக்கியை வாய்ப்பேச்சுல விடாதீங்க. சாதாரணமா மூணு வருஷம் தாண்டினா கோர்ட்டுல கேக்க முடியாது. அதுக்குள்ள "இவ்வளவு பாக்கி, சரி"ன்னு அவங்க எழுத்துல ஒத்துக்கிட்டா அன்னிலருந்து கெடு புதுசா ஓடும். பில் வாரியா கணக்கை அனுப்பி, சரியான்னு ஒரு வரி பதில் வாங்கி வைங்க.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
அதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். எங்க கடையிலருந்து யாருக்கு வேணும்னாலும் எழுதித் தர்றேன். ஆனா தம்பி, பழைய பாக்கியையும் புது டிஸ்க்கையும் சேத்து முடிச்சுப் போடாதே. ரெண்டும் போயிடும்.

கொழிஞ்சாம்பாறை டிசைனர்:
முடிச்சுப் போடாம விட்டதாலதான் அண்ணா பாக்கி வளந்துச்சு. இதுல உங்க பேச்சைக் கேக்கமாட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்களும் ஒண்ணு பண்ணலாம். ஷீட்டு ஓகே ஆனதும், லேப்புக்குப் போறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்ககிட்ட மீதியை வாங்கிடுங்க. புக்கிங் சீட்டுலயே அதை எழுதிடுங்க.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
பக்கத்துக் கடைக்காரர் ஆல்பம் குடுத்தப்புறம் வாங்கிக்கறேன்னு சொன்னா என் புக்கிங் அங்க போயிடும் தம்பி. ஆவணியில ரெண்டு மூணு வீட்டுக்கு எழுதிப் பாக்கறேன். ஒத்துக்கிட்டாங்கன்னா அந்த ஷீட்டுக்கெல்லாம் ஓகே ஆன அன்னிக்கே உனக்குக் காசு. மத்த வேலைக்கு இப்ப இருக்கற மாதிரிதான்.