மறு: ரிலே – உணர்த்தியா, அஞ்சலா, வேறா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேக்குத் தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு என் மறுமொழி.

> ரிலேக்கு 'உணர்த்தி' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, போன மாதம் வரை நானும் உணர்த்தி என்றுதான் எழுதிவந்தேன். ஒரு பழைய காரின் பழுதுக் குறிப்பைத் தமிழில் எழுதியபோதுதான் அந்தச் சொல் காலை வாரியது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 1986ஆம் ஆண்டு போர்ஷே 944 ஒன்று வைத்திருக்கிறான். "மாமா, செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல. எஞ்சின் சூடா இருந்தாத்தான் இந்த அடம், ஒரு மணி நேரம் ஆறவிட்டா ஒழுங்கா ஓடுது" என்றான். அந்த வண்டியை அறிந்தவர்கள் இதைக் கேட்டதும் முதலில் சந்தேகப்படுவது டிஎம்இ (எஞ்சினை ஆளும் மின்னணு அமைப்பு) ரிலேயை. 944-இலும், 1984 முதல் 1989 வரை வந்த 911 கரேரா 3.2-இலும் இது பேர்போன பழுது.

ஒரே கூட்டுக்குள் இரண்டு ரிலே. சாவியைத் திருப்பியதும் முதலாவது, எஞ்சினை ஆளும் மூளைப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும். எஞ்சின் சுழல்கிறது என்று ஃப்ளைவீல் பக்கமுள்ள உணரிகள் (சென்சார்கள்) சொன்ன பிறகே, மூளைப்பெட்டி இரண்டாவதை இயக்கி பெட்ரோல் பம்பை ஓடவிடும். ஆக, உணரி செத்தாலும் பம்ப் ஓடாது, ரிலே செத்தாலும் ஓடாது. வெளியே தெரிவது ஒரே அடையாளம்தான். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பார்ப்பது. முள் துடித்தால் உணரியின் சேதி வந்து சேர்கிறது என்று பொருள். துடிக்காவிட்டால் உணரியும் கெட்டிருக்கலாம், மூளைப்பெட்டிக்கு மின்சாரமே போகாமலும் இருக்கலாம்.

நான் அவனுக்கு எழுதியது இது: "முள் துடித்தால் உணரி சரி, உணர்த்தியைக் கழற்றிப் பார்." டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு படித்தவனுக்கு இரண்டு சொல்லும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. எட்டாத மூலையில் இருக்கும் அந்த உணரிகளைக் கழற்றப் போய், வெப்பத்தில் காய்ந்து கிடந்த பிளக் ஒன்றை உடைத்துவிட்டான். பிழை என் சொல்லில்தான். சென்சார் உணரி என்று நிலைத்துவிட்ட பிறகு, அதன் பக்கத்திலேயே உட்காரும் பொருளுக்கு உணர்த்தி என்று பெயர் வைப்பது ஆபத்து. தவிர, ரிலே எதையும் உணர்த்துவதில்லை. சுமார் 150 மில்லியாம்பியர் சுருளுக்குள் ஓடினால் போதும், அது இழுக்கும் தொடுமுனை 20, 30 ஆம்பியரைத் திறந்துவிடுகிறது. ஏரி மதகில் ஒற்றை ஆள் பலகையைத் தூக்குவதும் வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்வதும் போல.

> 'அஞ்சல்' பொருந்துமே? வானொலியில் அஞ்சல் செய்கிறோம் என்கிறோமே?

அம்மா, வரலாற்றுக்கு மிக நெருக்கமான சொல் அதுதான். களைத்த குதிரையை விட்டுப் புதுக் குதிரை மாற்றும் வழக்கத்திலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் ரிலே. 19ஆம் நூற்றாண்டில் நீண்ட தந்திக் கம்பியில் வலுவிழந்து வரும் மின்னோட்டத்தைக் கொண்டு புதிய மின்கலத்தின் ஓட்டத்தைத் திறந்துவிட்ட கருவிக்கு அந்தப் பெயர் அழகாகப் பொருந்தியது. ஆனால் காரில் அஞ்சல் என்றால் யாருக்கும் தபால்தான் நினைவுக்கு வரும். 'மின்' சேர்த்தாலோ மின்னஞ்சல் வந்து வழிமறிக்கும்.

என் முன்மொழிவு: ஏவலாளி.

ஈழத்தில் சுவிட்சை ஆளி என்பார்கள். பாடநூலிலும் பேச்சிலும் புழங்கும் நல்ல சிறு சொல். ஏவல் + ஆளி, ஏவினால் இயங்கும் ஆளி. ஏவிய வேலையைச் செய்பவர் என்ற பழைய பொருளும் சேர்ந்தே ஒலிப்பதால், ஆளியை அறியாத தமிழ்நாட்டு வாசகருக்கும் கருத்து பிடிபடும். 'வேலைக்காரர் என்று பொருள்படும் சொல் வேண்டாம்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அவர் மனக்குறை புரிகிறது. ஏவுகணையில் நாம் ஏவலை இழிவாக எண்ணுவதில்லை, இங்கும் அப்படியே வழங்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் இதில் கிடைத்தது. அக்கா மகன் கடைசியில் சரியான பெட்டியைக் கழற்றி, மூடியை நெம்பித் திறந்து படம் அனுப்பினான். பலகையின் அடியில் தீக்குச்சித் தலையளவு ஈயப் பொட்டுகள். அவற்றில் ஒன்றில், ஊசிக்காலைச் சுற்றி மயிரிழை போலக் கறுத்த வளையம். ஆண்டுக்கணக்காகச் சுட்டு ஆறிச் சுட்டு ஆறி விரிந்த விரிசல். சூட்டில் அது விலகும், ஆறினால் மறுபடி தொடும். இதை 'சாலிடர் கிராக்' என்றே எல்லோரும் எழுதுகிறோம். உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குப் பொற்கொல்லர்கள் வழங்கிய பற்றாசு என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! ஆசிடை வெண்பாவில் இரு குறளை ஒட்டவைக்கும் ஆசும் இதே ஆசுதான். 'பற்றாசு விரிசல்' என்றால் பொருள் சிந்தாமல் வருகிறது.

குறிப்பைத் திருத்தி எழுதிய வடிவம்:

"முள் துடித்தும் பம்ப் ஓசை இல்லையென்றால் ஏவலாளியைக் கழற்றுங்கள். அதன் தாங்கியில் 30, 87b என்ற இரு முனைகளையும் ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் பம்ப் நலம். மூடியைத் திறந்து பற்றாசு விரிசலைத் தேடுங்கள். இணைத்த வயரோடு வண்டியை ஓட்டிப் போகவேண்டாம். விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்."

ஈழத்து நண்பர்கள் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ஏவலாளியில் ஆளி உங்கள் காதுக்குச் சுவிட்சாகவே கேட்கிறதா என்று சொல்லுங்கள். அது கேட்காவிட்டால் என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.