குளிர் மூலையிலிருந்து மகாடி ஏரி வரை

கென்யாவில் இருந்தேன் என்றதும் எல்லோரும் மசாய் மாராவின் சிங்கங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ நைரோபியிலிருந்து தென்மேற்கே போகும் ஒரு சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குள் நிலம் ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்கிவிடுகிறது.

ஜூலை மாதக் காலை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் நைரோபி. ஆனால் 1,700 மீட்டர் உயரம், அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே கிளம்பினேன். கிசேரியனைத் தாண்டி, ங்கோங் குன்றுகளின் தோள்பட்டையில் 'கார்னர் பாரிடி' என்ற இடத்தில் நிறுத்தினோம். சுவாஹிலியில் பாரிடி என்றால் குளிர். காற்று ஆளைத் தள்ளியது. சாலை வளைகிற இடத்தில் தரை சட்டென்று முடிந்து, கீழே பழுப்பும் சாம்பலுமாகப் பெரும்பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. ஆப்பிரிக்கக் கண்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகப் பிளந்துகொண்டிருக்கும் இடம். பள்ளியில் பிளவுப் பள்ளத்தாக்கு என்று படித்தபோது கிணறு போல ஒரே வெட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேரில் அது மாடிப்படி. ஒவ்வொரு படியும் நிலம் உடைந்து சரிந்த ஒரு விளிம்பு.

இரண்டு படி இறங்குவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். புல்வெளி போய், நம் ஊர்க் குடைவேலம் போன்ற முள்மரங்கள் வந்தன. வழியில் ஒலோர்கெசாய்லி. என்றோ வற்றிப்போன ஏரியின் வெள்ளை மண்ணில், ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய கற்கோடரிகள் கிடந்த இடத்திலேயே குவியலாகக் கிடக்கின்றன. 1940-களில் தொல்லியலாளர்கள் மேரி லீக்கியும் லூயிஸ் லீக்கியும் ஆய்வு செய்த இடம். அரை மணி நேரம் போதாது; எங்களுக்கு அவ்வளவுதான் வாய்த்தது.

பிறகு மகாடி. உயரம் 600 மீட்டர்தான், அனல் முகத்தில் அடிக்கிறது. எரிமலைப் பாறைகளுக்குள் ஓடிச் சோடியத்தைக் கரைத்துக்கொண்டு வரும் வெந்நீர் ஊற்றுகள் ஏரியில் கலக்கின்றன. ஏரியிலிருந்து வெளியேற ஆறு இல்லை. வெயில் நீரைக் குடிக்க, துரோனா என்னும் சோடா உப்பு பாளமாகப் படிகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதை வெட்டியெடுத்துக் கண்ணாடித் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். மகாடி என்ற சொல்லுக்கே சுவாஹிலியில் சோடா என்றுதான் பொருள். நாம் கொண்டைக்கடலைக்கு ஆப்ப சோடா சேர்ப்பதைப் போல அங்கே சோளமும் பயறும் வேக அதைப் போடுகிறார்கள்.

உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளால் சில இடங்களில் ஏரி இளஞ்சிவப்பாக இருந்தது. ஆசையில் உப்புப் பாளத்தின் மேல் காலை வைத்தேன். மேலோடு உடைந்து கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. குதிகால் வெடிப்பில் தீயாக எரிந்தது. வழிகாட்டியாக வந்த மசாய் இளைஞர் "போலே போலே" (மெதுவாக, மெதுவாக) என்று கையைப் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு, தன் குடிநீரையே ஊற்றிக் கழுவினார். அந்த வெயிலில் அது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போதே உறைத்தது.

அவர்தான் ஊற்றோரம் கூட்டிப்போய் மீனைக் காட்டினார். விரல் நீளத் திலாப்பியா. நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் கார நீரில் கூட்டமாக நீந்துகிறது! பெரும்பாலான மீன்கள் கழிவை அம்மோனியாவாக வெளியேற்றும். இந்தக் கார நீரில் அது எளிதில் முடியாது, ஆகவே இந்த மீன் நம்மைப் போல யூரியாவாக வெளியேற்றுகிறது. பூநாரைகளைக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்கள் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உப்பின் மேல் நடக்காதீர்கள். ஏரியைப் படமெடுத்த கையோடு திரும்பிவிட வேண்டாம். ஊற்றோரம் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.