118-ல் போனால் சம்மன் வராதாம்!

உலுதிராம்_உதயன் (இரவு 9.41)

பத்துமலை இழையில் ஈசூன்_சேகர் எழுதியதை அங்கேயே கேட்டேன். "இது கோயில் இழை, சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டுறுத்துநர் சொல்லிவிட்டார். சரி, வெளியே வந்துவிட்டேன். சேகர் எழுதியது அப்படியே கீழே:

"தைப்பூசத்துக்குக் காரில் போகும் சிங்கப்பூர் நண்பர்கள் பயப்பட வேண்டாம். பிளஸ் நெடுஞ்சாலையில் 118 வரை தாராளமாகப் போகலாம், பத்து விழுக்காடு சலுகை உண்டு. அப்படியே கேமரா பிடித்தாலும் நம் பிளேட்டுக்குச் சம்மன் வீடு தேடி வராது."

எங்கள் மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலைப் பலகையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இவர் 118 என்கிறார். யார் கொடுத்த சலுகை ஐயா இது? எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில்?

நான் வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நாலரைக்குப் பைக்கை எடுத்துக் ஜொகூர் கடற்பாலம் தாண்டி உங்கள் ஊர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவன். அங்கே எனக்கு ஓர் அபராதம் கட்டாமல் கிடந்தால் உட்லண்ட்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2019 ஏப்ரலிலிருந்து அதுதான் நடைமுறை. எங்களுக்கு அந்தச் சட்டம், எங்கள் ஊருக்கு வந்தால் உங்களுக்கு 118-ஆ?

ஈசூன்_சேகர் (இரவு 9.58)

உதயன் அண்ணே, எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், நன்றி. இருபது வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறேன். ஈப்போ, பினாங்கு, கேமரன் மலை, எல்லாம் கார்தான். இன்றுவரை ஒரு சம்மன் கடிதம் என் தபால் பெட்டிக்கு வந்ததில்லை. அனுபவத்தைச் சொன்னேன். வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள்.

உலுதிராம்_உதயன் (இரவு 10.03)

தபால் பெட்டியில் தேடினால் சம்மன் எப்படிக் கிடைக்கும்? மலேசியப் போலீஸ் சம்மன் பார்க்கும் மைபாயார் பிடிஆர்எம் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். போட மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

அதை விடுங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. 118 எங்கிருந்து வந்தது?

தெம்பனிஸ்_கவிதா (இரவு 10.15)

கணக்கு டீச்சர் என்பதால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 110-க்குப் பத்து விழுக்காடு 11. கூட்டினால் 121. சேகர், 118 எந்தக் கணக்கு?

சம்மன் விஷயத்தில் உதயன் சொல்வது சரி. என் வீட்டுக்காரரும் "நமக்கெல்லாம் வராது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். போன மாதம் எண்ணைத் தட்டிப் பார்த்தோம். இரண்டு இருந்தன. ஒன்று மாச்சாப் பக்கம். இன்னொன்று எந்த ஊர் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தள்ளுபடி, 30 நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம் என்று மாற்றிவிட்டார்கள். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈசூன்_சேகர் (இரவு 10.21)

டீச்சர், 121 வரை போகலாம். பாதுகாப்புக்கு 3 குறைத்து 118 என்று சொன்னேன். பொறுப்போடு எழுதினால் அதற்கும் திட்டா?

உலுதிராம்_உதயன் (இரவு 10.24)

ஆஹா. இல்லாத சலுகையில் 3 கிலோமீட்டர் தானம் பண்ணுகிறார் வள்ளல்.

அப்புறம் அந்த இருபது வருஷக் கதை. ஏஇஎஸ் என்ற தானியங்கி வேகக் கேமரா கம்பத்தில் ஏறியதே 2012-ல்தான். பிறகு அவாஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2018-ல் ஆட்சி மாறியதும் கட்டாமல் கிடந்த ஏஇஎஸ் சம்மன்களை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார்கள். உங்கள் இருபது வருஷத்தில் முதல் ஆறு வருஷம் கம்பத்தில் கேமரா இல்லை, அடுத்த ஆறு வருஷக் கணக்கு தள்ளுபடியில் போயிருக்கும். மிச்சத்தைத் தேடிப் பாருங்கள்.

மீட்டர்_மணி (இரவு 10.40)

தொழில் முறையில் ஒரு தகவல். காரின் வேக மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். ஐநாவின் 39ஆம் ஒழுங்குமுறை இது. உண்மை வேகத்தில் பத்து விழுக்காடு, அதன் மேல் 4 கிலோமீட்டர், அதுவரை கூடுதலாகக் காட்ட அனுமதி. ஆக மீட்டரில் 118 என்றால் வண்டி 104-லும் போயிருக்கலாம், 118-லும் போயிருக்கலாம். டயர் தேய்ந்திருந்தால் மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பெரிய சுற்றளவு டயர் மாட்டியிருந்தால் குறைத்துக் காட்டும்.

கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது. அது வண்டியை மட்டும்தான் அளக்கும். நீங்கள் எல்லோரும் பேசும் 118 மீட்டர் வேகமா, கேமரா வேகமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஈசூன்_சேகர் (இரவு 10.44)

மணி அண்ணன் வாழ்க! இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! மீட்டரில் 118 என்றால் உண்மையில் 110-க்குள்தான். உதயன் அண்ணே, மோர் போதுமா, இளநீர் வேண்டுமா?

உலுதிராம்_உதயன் (இரவு 10.46)

"மீட்டர்" என்ற வார்த்தை உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது? நாலு தடவை படித்துவிட்டேன். "118 வரை தாராளமாகப் போகலாம்" என்று இருக்கிறது, "பத்து விழுக்காடு சலுகை" என்று இருக்கிறது. மீட்டர் இல்லை. மணி வந்து சொன்ன பிறகு மீட்டர் பிறக்கிறது.

ஈசூன்_சேகர் (இரவு 10.49)

கார் ஓட்டுகிறவன் வேகம் என்றால் மீட்டரைத்தான் சொல்வான். வேறு எதைச் சொல்வான், ஜாதகத்தையா? பைக் ஓட்டுகிறவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம்.

உலுதிராம்_உதயன் (இரவு 10.52)

பைக்கிலும் மீட்டர் உண்டு. என்னிடம் காரும் உண்டு. வாரநாளில் உங்கள் ஊருக்குள் பகலில் கார் கொண்டுவந்தால் நாளுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம், அதனால் பைக்கில் வருகிறேன். பைக்குக்கு 4 வெள்ளி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இலவசம் என்று உபதேசம் பண்ணாதீர்கள், என் ஷிப்ட் காலை ஏழு மணிக்கு.

பைக் ஓட்டுகிறவன் என்று சொன்னதை மறக்க மாட்டேன்.

பினாங்கு_தாத்தா (இரவு 11.05)

பிள்ளைகளா, சண்டை வேண்டாம். நான் லாரி ஓட்டியவன். பிளஸ் 1994-ல் முழுக்கத் திறந்தது. அதற்கு முன்னால் பழைய ரோட்டில் ஜொகூரிலிருந்து பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் முதுகெலும்பு மூன்று தரம் இடம் மாறும். 118 எல்லாம் கனவில்கூட இல்லை. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பக்கம் 80தான், அதை யாரும் பேசக் காணோம். அங்கே இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற வாடை காருக்குள் வரும்.

அப்புறம் ஒரு சந்தேகம். என் பேரன் சிங்கப்பூரில் வேலை, நிரந்தரவாசம் வாங்கிவிட்டான். என் பேரில் உள்ள வண்டியை அங்கே கொண்டுபோய் இரண்டு மாதம் ஓட்டுகிறேன் என்கிறான். எப்பவும் போல நுழைவு அனுமதி எடுத்தால் போதும்தானே?

தெம்பனிஸ்_கவிதா (இரவு 11.11)

தாத்தா, ஓட்டக் கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக் கூடாது. வண்டி யார் பேரில் இருந்தாலும் சரி. பிடித்தால் பேரனுக்குத்தான் தலைவலி.

பினாங்கு_தாத்தா (இரவு 11.14)

என் காசில் வாங்கிய வண்டி. என் பேரன் ஓட்டக் கூடாதாம். நல்ல நியாயம். நீங்கள் மட்டும் உங்கள் வண்டியை எங்கள் ஊரில் 118-ல் ஓட்டலாம்.

உலுதிராம்_உதயன் (இரவு 11.16)

தாத்தா பிடித்தார் பாருங்கள். இதுதான் விஷயமே.

சேகர், உங்கள் ஊரில் தானா மேரா கடலோரச் சாலையில் சராசரி வேகக் கேமரா வைத்தார்கள், 2018 டிசம்பரில். உள்ளே நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், நடுவில் உள்ள தூரம், அவ்வளவுதான் கணக்கு. அங்கே 70. அங்கே போய் எனக்குப் பத்து விழுக்காடு சலுகை கொடுங்கள், மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று கேட்பீர்களா? 2026 ஜனவரியிலிருந்து முதல் 20 கிலோமீட்டர் மீறலுக்கே 200 வெள்ளி ஆக்கிவிட்டார்கள். ரிங்கிட்டில் மாற்றினால் அறுநூறுக்கு மேல். எங்கள் ஊரில் 300 ரிங்கிட் சம்மன், அதிலும் பாதித் தள்ளுபடி. இளக்காரம் அங்கிருந்துதான் வருகிறது.

ஈசூன்_சேகர் (இரவு 11.25)

இளக்காரம் எல்லாம் இல்லை அண்ணே. ஒவ்வொரு தடவை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் கட்டுகிறோம். ஒவ்வொரு டோலிலும் கட்டுகிறோம். வெளிநாட்டு வண்டிக்கான ஐந்து வருஷ நுழைவு அனுமதிக்கு 10 ரிங்கிட் கட்டி டேக் ஒட்டியாகிவிட்டது. உங்கள் ஊர்க் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சனி ஞாயிறு நாங்கள் வராவிட்டால் ஜொகூர் பாருவில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

உலுதிராம்_உதயன் (இரவு 11.29)

வந்துவிட்டது! சோறு போடுகிறோம் என்கிற பேச்சு. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் வந்தால் கடைக்காரனுக்கு லாபம், எனக்கு என்ன? பெட்ரோல் நிலையத்தில் உங்கள் ஆள் ஜாக்கி வைத்து வண்டியைச் சாய்த்து நிரப்புகிறான், நான் பின்னால் நிற்கிறேன். வெளிநாட்டு வண்டிக்கு ரான் 95 என்ற மானியப் பெட்ரோல் கூடாது என்று 2010-லிருந்து சட்டம். இன்னமும் சிங்கப்பூர் பிளேட்டில் ரான் 95 மஞ்சள் குழாய் மாட்டிய படம் மாதம் ஒன்று வருகிறது.

ஈசூன்_சேகர் (இரவு 11.33)

நான் ரான் 97தான் போடுகிறேன். முக்கால் டாங்க் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புகிறேன், இல்லாவிட்டால் எங்கள் பக்கமே 500 வெள்ளி வரை அபராதம் தீட்டிவிடுவார்கள். எவனோ செய்ததற்கு என்னைப் பிடிக்கிறீர்கள். உங்கள் கோபம் 118 மேல் இல்லை. பாகோ மேல். அதை நேராகச் சொல்லுங்கள்.

உலுதிராம்_உதயன் (இரவு 11.41)

நீங்களே ஆரம்பித்ததால் சொல்கிறேன். 2019 கேமரன் மலைப் பயணம். இந்தக் குழுவிலிருந்து ஐந்து கார். பாகோ ஓய்வுத்தளத்தில் எட்டு மணிக்குக் கூடுவது என்று ஏற்பாடு. நான் ஏழே முக்காலுக்கு நின்றேன். பிள்ளைகளுக்கு நாசி லெமாக், எனக்கு ஒரு தே தாரிக். தே ஆறி, மேலே ஆடை கட்டி, அதில் ஓர் ஈ விழுந்து, இன்னொரு தே வாங்கி அதுவும் ஆறியது. பத்து மணிக்குப் போன் போட்டால், "அண்ணே நாங்கள் ஆயர் கெரோ தாண்டிவிட்டோம், ரோடு காலி, நிறுத்த மனசு வரவில்லை" என்கிறார் சேகர். அன்றைக்கும் 118-ல்தான் போயிருப்பார். இன்றுவரை ஒரு மன்னிப்பு வரவில்லை.

ஈசூன்_சேகர் (இரவு 11.44)

அன்றைக்கே சொன்னேன், குழுவில் செய்தி போட்டேன், நீங்கள் பார்க்கவில்லை. அதற்கு ஏழு வருஷமா?

தெம்பனிஸ்_கவிதா (இரவு 11.50)

விஷயத்துக்கு வருவோமா? மணி சொன்னதைப் போன வாரமே சோதித்திருக்கிறோம். யோங் பெங் தாண்டி நேர் ரோடு. என் வீட்டுக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீட்டரில் 118 நிற்கும்போது ஜிபிஎஸ் 112 காட்டியது. எங்கள் வண்டிக் கணக்கு இது, எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

ஈசூன்_சேகர் (இரவு 11.52)

112! நான் சொன்னதுதான் சரி. டீச்சரே நிரூபித்துவிட்டார்.

உலுதிராம்_உதயன் (இரவு 11.53)

112 என்பது 110-ஐ விடக் கூடுதலா, குறைவா? டீச்சர் பதில் சொல்லட்டும். இன்னொன்று, டீச்சர் குடும்பமும் 118 கட்சிதான் என்று இப்போது தெரிகிறது. இரண்டு சம்மன் சும்மா வந்திருக்காது.

தெம்பனிஸ்_கவிதா (இரவு 11.57)

உதயன், உங்களுக்கு ஆதரவாகப் பேச வந்தேன். என் குடும்பத்தை இழுக்காதீர்கள். இரண்டு சம்மனையும் கட்டியாகிவிட்டது, ரசீது இருக்கிறது. இனி இந்த இழையில் நான் எழுத மாட்டேன்.

மீட்டர்_மணி (நள்ளிரவு 12.04)

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மீட்டர் 118-ஆ, கேமரா 118-ஆ?

உலுதிராம்_உதயன் (நள்ளிரவு 12.06)

அவர் எழுதியதில் மீட்டர் இல்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஈசூன்_சேகர் (நள்ளிரவு 12.07)

நான் நினைத்தது மீட்டர்.

உலுதிராம்_உதயன் (நள்ளிரவு 12.08)

நினைத்ததற்குச் சம்மன் கிடையாது. எழுதியதற்குத்தான் இந்த இழை. உங்கள் பதிவை நம்பி நாளைக்கு ஒரு பையன் மேம்பாலத்துக்கு அடியில் 118-ல் போவான். மேலே போலீஸ்காரர் லேசர் துப்பாக்கியோடு நிற்பார். அவரிடம் போய், சேகர் நினைத்தது மீட்டர் என்று சொல்வானா?

தெம்பனிஸ்_கவிதா (நள்ளிரவு 12.10)

எழுத மாட்டேன் என்றேன், இது மட்டும். 112, 110-ஐ விடக் கூடுதல்தான். அதை நான் மறுக்கவே இல்லை. "118 கட்சி" என்றதைத் திரும்பப் பெறுங்கள்.

மட்டுறுத்துநர் (நள்ளிரவு 12.15)

பாகோ, பெட்ரோல், குடும்பம் பற்றிய பேச்சு போதும். 118 பற்றிப் புதிதாகச் சொல்ல இருந்தால் மட்டும் எழுதவும்.

உலுதிராம்_உதயன் (நள்ளிரவு 12.16)

புதிதாக ஒன்று: மைபாயார் ஸ்கிரீன்ஷாட் இன்னும் வரவில்லை. நேரம் குறித்து வைத்திருக்கிறேன், இரண்டு மணி பதின்மூன்று நிமிஷம்.

பினாங்கு_தாத்தா (காலை 5.50)

பேரனிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். எல்லாம் இந்த இழையால் வந்தது.

புதுக்கார்_பிரபு (காலை 7.20)

எல்லோருக்கும் வணக்கம், குழுவுக்குப் புதுசு. சிங்கப்பூர் வண்டி, முதல் தடவை காரில் மலாக்கா போகிறோம். நுழைவு அனுமதி டேக் தபாலில் வந்திருக்கிறது. முன் கண்ணாடியில் எந்தப் பக்கம் ஒட்டுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

உலுதிராம்_உதயன் (காலை 7.22)

சொல்கிறேன் தம்பி. அதற்கு முன்னால் மேலே உள்ள சேகரின் முதல் பதிவைப் படித்துவிட்டு ஒன்று சொல்லுங்கள். அதில் "மீட்டர்" என்ற வார்த்தை இருக்கிறதா?

ஈசூன்_சேகர் (காலை 7.23)

பிரபு, அவருக்குப் பதில் சொல்லாதீர்கள்.