எபிடெமிக், ஸ்ப்ரே அண்ட் வெயிட்டிடம் தோற்பது ஏன்?

கேள்வி:
ஒன் (ONE) சிமுலேட்டரில் டிடிஎன் ரூட்டிங் ஒப்பீடு, அதாவது நிலையான இணைப்பு இல்லாமல், சந்திக்கும்போது மெசேஜைக் கைமாற்றிக் கொண்டு சேர்க்கும் வலையமைப்பு. ஹெல்சிங்கி வரைபடம், 126 நோடு (பாதசாரி, டிராம் போன்ற நகரும் முனைகள்), 12 மணி நேரம், டிடிஎல் (மெசேஜின் ஆயுள்) 300 நிமிடம், எல்லாமே டீஃபால்ட். ரூட்டரை (மெசேஜை யாருக்குக் கொடுப்பது என்ற முறையை) மட்டும் மாற்றினால், ஒரு மெசேஜுக்கு 6 பிரதி மட்டுமே தரும் ஸ்ப்ரே அண்ட் வெயிட்தான் எபிடெமிக்கைவிட அதிகம் கொண்டு சேர்க்கிறது. பார்த்தவருக்கெல்லாம் பிரதி கொடுக்கும் எபிடெமிக் எப்படிக் குறையும்? பழைய சந்திப்புகளை வைத்து யாரிடம் கொடுப்பது என்று கணிக்கும் புராஃபெட்டும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

பதில் 1:
பஃபர் (நோடு மெசேஜ்களை வைத்திருக்கும் இடம்) கணக்கைப் போட்டுப் பாருங்க. மெசேஜ் 500 கேபி முதல் 1 எம்பி வரை. பாதசாரியின் 5 எம்பி பஃபரில் ஆறேழுதான் அடங்கும். சுமார் 30 நொடிக்கு ஒரு புது மெசேஜ் பிறக்கிறது, மொத்தம் 1,440 வரை. எபிடெமிக்கில் ஒரு பிரதி உள்ளே வர, இருப்பதில் பழையது வெளியே போகும். சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்ட மெசேஜின் பிரதிகளும் சுற்றிக்கொண்டே இடத்தை அடைக்கும்.

லிங்க்கும் குறுகல். ரேஞ்ச் 10 மீட்டர், வேகம் நொடிக்கு 250 கேபி. நொடிக்கு 1 மீட்டர் வீதம் எதிரெதிரே நடக்கும் இருவருக்குக் கிடைப்பது 10 நொடி. மெசேஜுக்கு 3 நொடி என்றால் மூன்று போகும். நாலாவது பாதியில் அறுந்தால் மொத்தமும் வீண், அடுத்த சந்திப்பில் விட்ட இடத்திலிருந்து தொடராது.

பஃபரை மட்டும் 50, 500 எம்பி என்று ஏற்றி ஓட்டுங்க. இடைவெளி எவ்வளவு சுருங்குதோ அவ்வளவும் பஃபர் செய்த வேலை, மிச்சம் லிங்க்குடையது. டெலிவரி எண்ணை மட்டும் பார்க்காமல் டிராப் (இடமில்லாமல் கழிந்தவை), ஓவர்ஹெட் (சேர்ந்த மெசேஜுக்கு ஆன கூடுதல் பரிமாற்றம்) இரண்டையும் சேர்த்துப் பாருங்க.

பதில் 2:
புராஃபெட்டும் பிரதி எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில்லை, அதனால் அதே பஃபர் நெருக்கடி. அதோடு, ஒருவரை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பை அது ஒரு மதிப்பாக வைத்திருக்கும்; ஒவ்வொரு டைம் யூனிட்டுக்கும் அதைக் காமாவால் பெருக்கிக் குறைக்கும். காமா 0.98, டைம் யூனிட் 30 நொடி என்றால் 17 நிமிடத்தில் மதிப்பு பாதியாகிவிடும். மணிக்கொரு முறை சந்திக்கும் ஜோடிக்கு 0.75 என்பது அடுத்த சந்திப்புக்குள் 0.07 ஆகிவிடும். யூனிட்டை 300 ஆக்கிப் பாருங்க. ஆனாலும் பெரிசா எதிர்பார்க்காதீங்க: டீஃபால்ட்டில் டிராம் தவிர மற்றவர்கள் வரைபடத்தில் ஏதோ ஒரு இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து போகிறார்கள். திரும்பத் திரும்பச் சந்திப்பு இல்லாத இடத்தில் புராஃபெட் எதைக் கற்கும்? வீடு, அலுவலகம் என்று போய்வரும் வொர்க்கிங் டே மாடலில்தான் அதைச் சோதிக்கணும்.

கேட்டவர்:
தெளிவாச்சு. பிரதியை 6, 10, 16 என்றும், சீடை (குலுக்கலின் தொடக்க எண்ணை) 1, 2, 3 என்றும் வைத்து பேட்ச்சில் (அடுத்தடுத்து தானாக) 9 முறை ஓட்டலாமா?

பதில் 1:
கூடாது. பேட்ச்சில் இரண்டு பட்டியலும் ஜோடியாகவே நகரும். 6-க்கு எப்போதும் சீட் 1, 10-க்கு எப்போதும் 2. ஒன்பது ஓட்டத்தில் உருப்படியானது மூன்றுதான். சீடை ஐந்தாக்கி 15 முறை ஓட்டுங்க. 3-க்கும் 5-க்கும் பொது வகுத்தி இல்லாததால் எல்லாச் சேர்க்கையும் வந்துவிடும். ரிப்போர்ட் பெயரில் பிரதி எண்ணையும் சீடையும் சேர்க்க மறந்துடாதீங்க, இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும்.