கரண்ட் எடுக்குற சின்னக் காத்தாடிக்கு எந்த ஜெனரேட்டர்? பட்டவங்க எழுதுங்க

தோவாளைத் தோட்டம்:
ஸ்க்ரூடிரைவர் ஒட்டுன கதை. மாமா பழைய கார் ஆல்டர்னேட்டர்ல (கார் பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) நேரா பிளேடை மாட்டி கம்பத்துல ஏத்தியிருந்தாரு. ரெண்டு மீட்டர் விட்டம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்தைப் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். பிளேடு ஜோரா சுத்தும், ஆனா காலையில பார்த்தா பேட்டரி செத்துக் கிடக்கும். பேட்டரிக் கடைக்காரரோட சண்டையே வந்துடுச்சு. கடைசியில தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர், காத்து சுத்தமா அடங்குன நேரமாப் பார்த்து ஏணியில ஏறினாரு. ஸ்க்ரூடிரைவர் முனையை ஆல்டர்னேட்டர் பின்பக்கம் பேரிங் கிட்ட கொண்டு போனதும் டக்குனு இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. பிளேடு அசையவே இல்ல! "ஃபீல்டுக்கு, அதான் உள்ள சுத்துற மின்காந்தத்துக்கு, கரண்ட் போயிட்டே இருக்குங்க. பேட்டரியைத் தின்னுறது வேற யாரும் இல்ல, இதுதான்"னு மேல இருந்தே கத்துனாரு. அந்த 'டக்' சத்தம் இன்னும் காதுல இருக்கு. உங்களுக்கு எந்த ஜெனரேட்டர்ல என்ன ஆச்சு?

பல்லடத்தான்:
ஆல்டர்னேட்டர் பேச்சையே விடுங்க. நான் கடையில வாங்குனது நிரந்தரக் காந்தம் வெச்ச ஜெனரேட்டருங்க, ஃபீல்டு கரண்ட்டே தேவையில்ல. உள்ள பல்லு பல்லா இரும்புக் கோர், அதைக் காந்தம் பிடிச்சு இழுக்கும். கையில திருப்பினா கடக் கடக்குனு ஒவ்வொரு பல்லுலயும் நின்னு நின்னுதான் வரும். அதை யாரு அப்பக் கண்டுக்கிட்டாங்க? ஏத்தியாச்சு. விடிகாலையில மெல்லிசாக் காத்து, தூரத்துல பெரிய காத்தாடிக எல்லாம் சுத்துதுங்க, நம்மளது மட்டும் சும்மா நிக்குது. எங்க அப்பா தென்னை மட்டை இழுக்குற தொரட்டியை எடுத்துட்டு வந்து பிளேடை ஒரு தள்ளு தள்ளுனாரு. பிச்சுக்கிட்டு ஓடுச்சு! நின்னா மறுபடி தொரட்டிதான். காத்து இருந்துச்சு, கிளப்பறதுக்குத்தான் பத்தல. ஊருக்குள்ள எங்க வீட்டுக்கே "தள்ளு காத்தாடி வீடு"ன்னு பேராயிப்போச்சு. எங்க அப்பாவுக்கு அதுல பெருமை வேற.

உடுமலை வாசி:
தோவாளைக்காரரே, ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லி என்ன பண்றது? கணக்குப் போடுங்க. கார் ஐடிலிங்ல நிக்கும்போதே ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 2000 சுத்து) கிட்ட சுத்தும், புல்லி அளவு அப்படி. உங்க பிளேடு விநாடிக்கு 5 மீட்டர் காத்துல, முனை வேகம் காத்தைப் போல 6 மடங்குன்னே வெச்சாலும், 290 ஆர்பிஎம்மைத் தாண்டாது. எங்கிருந்து கரண்ட் வரும்? ஒண்ணுக்கு அஞ்சுன்னு பெல்ட் போட்டிருந்தா 1400 கிட்ட வந்திருக்கும். என் நண்பர் போட்டிருக்காரு, ஓடுது. ஃபீல்டு வயர்ல ஒரு சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் வெச்சுட்டா, நின்னா கட் ஆயிடும், பேட்டரி தப்பிக்கும். பல்லடத்தாருக்கும் சொல்றேன், பிளேடோட அடிப்பகுதியை அகலமாவும் கோணம் கூடவும் செதுக்குங்க, கிளம்புற விசை கிடைக்கும். இல்லாட்டி இரும்பே இல்லாத காயில் வெச்ச டிஸ்க் ஜெனரேட்டர் கட்டுங்க. ஸ்காட்லாந்துல ஸ்கோரெய்க்ங்கிற ஊர்ல ஹ்யூ பிகாட் வருஷக்கணக்காச் சொல்லிக்கொடுக்குற முறைதான். ரெண்டு இரும்புத் தட்டுல காந்தம், நடுவுல ரெசின்ல வார்த்த காயில். சுண்டுவிரலால தட்டினாலே சுத்தும். அப்புறம் கம்பம் உயரமா இருக்கணும், பக்கத்துல மரம் கூடாது, வயர் தடிமன் முக்கியம், 12 வோல்ட்டை விட 48 நல்லது…

தோவாளைத் தோட்டம்:
அண்ணே, நீங்க சொன்ன அதே 5 மீட்டர் காத்துல 2 மீட்டர் விட்டத்துக்குள்ள வர்ற மொத்த சக்தியே 235 வாட் சொச்சம். பெட்ஸ் எல்லைப்படி எந்தக் கொம்பனாலும் அதுல 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாது. கையால செஞ்சதுல கால்வாசி தேறினாலே பெருசு. அந்த 60 வாட்டுல ஃபீல்டுக்கு 3 ஆம்பியர்னா 36 வாட் போச்சு. பெல்ட் தேய்மானத்தையும் கழிச்சா மிச்சம் என்னன்னு உங்க நண்பர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க.

பேசாலைக் காத்து:
நான் மன்னார்ப் பக்கம். அந்த டிஸ்க் ஜெனரேட்டர்தான் எங்கட வீட்டிலயும் இருந்தது. நல்லா ஓடினது, பொய் சொல்லக் கூடாது. ஆனா கடல் கிட்ட. ஒரு நாள் பின்னேரம் மேல இருந்து மாவு மில் ஓடுற மாதிரி ஒரு அரையல் சத்தம். இறக்கிக் கழட்டிப் பாத்தா, நியோடிமியம் காந்தத்தின்ர நிக்கல் பூச்சு கொப்பளிச்சு, உள்ளுக்கு உப்புக்காத்துப் பட்டு ஊதிப்போய் ஸ்டேட்டரில, அதான் அந்த ரெசின் காயில் தட்டில, உரசுது. ரெசின் தேய்ஞ்சு செப்புக் கம்பி பளபளவெண்டு வெளிய தெரியுது. நகத்தால சுரண்டினா காந்தம் பொடிப்பொடியா வந்தது. அந்தப் பொடியும் காந்தம்தானே, விரலை விட்டுப் போகாது! பிகாட்டே பிறகு ஃபெரைட் காந்தத்தில ஒரு டிசைன் குடுத்தவர். பாரம் கூட, ஆனா துருப்பிடிக்காது. கரையோர ஆக்கள் முதல் அதைப் பாருங்கோ.

பழைய லைன்மேன்:
எல்லாரும் காந்தத்தையே பிடிச்சுத் தொங்கறீங்க. முப்பந்தல் காத்தாலைப் பண்ணையில 90கள்ல நட்ட மெஷின்ல பாதிக்கு மேல நிரந்தரக் காந்தமே இல்லாத சாதா இண்டக்‌ஷன்தான், தெரியுமில்ல? அதை நம்பி எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூணு ஃபேஸ் பம்ப் மோட்டாருக்கு, உள்ளே காந்தம் உண்டாக்க கப்பாசிட்டர் கட்டி, பெல்ட் போட்டு காத்தாடியில ஓட்டினார். நானும் பார்க்கப் போனேன். நாலு குண்டு பல்பு பளிச்சுனு எரியுது. அவர் வீட்டு அம்மா உள்ளே கிரைண்டரைப் போட்டாங்க. பல்பு ஆரஞ்சாகி, சிவந்து, அணைஞ்சே போச்சு. கிரைண்டர் ஒரு சுத்துகூட சுத்தல. சுமை போயிடுச்சில்ல, மேலே பிளேடு சத்தம் ஏற ஆரம்பிச்சது பாருங்க, நாங்க எல்லாரும் கொட்டாய்க்குள்ள ஓடினோம். காத்து இறங்கினப்புறம் ஓட்டினா வோல்ட்டே வரல. இரும்புல மிச்சம் இருந்த காந்தம் போயிடுச்சு. 12 வோல்ட் பேட்டரியை வைண்டிங்குல ஒரு தொடு தொட்டு எடுத்ததும் திரும்ப உயிர் வந்துச்சு. முப்பந்தல் மெஷினுக்கு கப்பாசிட்டர் பத்தாத மிச்சத்தை கிரிட் (ஊருக்கெல்லாம் கரண்ட் வர்ற லைன்) குடுக்கும், வேகத்தையும் கிரிட்டே பிடிச்சு வெச்சுக்கும். தனியா நிக்கிற தோட்டத்துல அதெல்லாம் யார் குடுப்பா?

உடுமலை வாசி:
இதுக்குத்தான் நிரந்தரக் காந்தம்ங்கறது. ஜெனரேட்டர்ல இருந்து வர்ற மூணு வயரையும் ஒண்ணா ஷார்ட் பண்ற சுவிட்ச் ஒண்ணு வெச்சா பிரேக் ரெடி. எந்தப் புயல்லயும் நிக்கும்.

மண்டபம் முகாம்:
உடுமலையாரே, அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்திடுங்க. யாராச்சும் நம்பிடுவாங்க. எங்களுது டிஸ்க் ஜெனரேட்டர்தான், சுவிட்சும் இருந்துச்சு. திடீர்னு சுழட்டி அடிச்ச காத்துல என் தம்பி ஓடிப்போய் சுவிட்சைப் போட்டான். ஒரு நிமிஷம் முனகிச்சு, வேகம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் திரும்பப் பிடிச்சுக்கிச்சு. ஷார்ட்லயே சுத்துது! வார்னிஷ் கருகுற நாத்தம் கீழ வரைக்கும் வந்துச்சு. காத்து தள்ளுற தள்ளு காயில் பிடிக்கிற பிடியை மிஞ்சிட்டா அவ்வளவுதான், அத்தனை கரண்டும் காயிலுக்குள்ளயே சூடாகுது. மறுநாள் கழட்டினா ரெசின் பழுப்பேறி வெடிச்சிருந்துச்சு. இப்ப புதுக் காயில் தடிக் கம்பியில சுத்தி, காத்து மிஞ்சினா தானே பக்கவாட்டுல திரும்பிக்கிற வால் போட்டிருக்கோம். சுவிட்ச் ஏணி ஏறும்போது மட்டும், அதுவும் காத்து இல்லாத நேரத்துல.