எம்.பி.பி.எஸ். பாடத்தில் தொலைமருத்துவம்: ஆசிரியர்கள் தயங்குவது நியாயமா?

வார்டு_ரவுண்ட் (பொது மருத்துவம்):
2020 மார்ச் 25 அன்று மத்திய அரசின் தொலைமருத்துவ (தொலைபேசி, வீடியோ வழி மருத்துவ ஆலோசனை) நெறிமுறை வந்ததிலிருந்து, இதையும் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மண்ணீரல் வீக்கத்தை வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, மூச்சிழுப்புக்கு ஏற்பக் கையை நகர்த்திக் கண்டுபிடிக்கவே மாணவர்கள் தடுமாறுகிறார்கள். வார்டு நேரத்தைத் திரைக்குக் கொடுத்தால் அதுவும் போய்விடும். வயிறு இறுகியிருக்கிறதா என்பது கேமராவில் தெரியாது. சர்க்கரை நோயுள்ள முதியவரின் மேல்வயிற்று வலி மாரடைப்பாக இருக்கலாம். ஈசிஜி பார்க்காமல் அல்சர் மாத்திரை எழுதினால் யார் பொறுப்பு?

சமுதாய_மருத்துவம்:
எழுதிய மருத்துவர்தான் பொறுப்பு சார். அதனால்தான் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். அவசர நிலையில் முதலுதவி ஆலோசனை, உடனே நேரில் அனுப்புவது, இவ்வளவுதான் தொலைவிலிருந்து செய்யலாம் என்று அதே நெறிமுறை சொல்கிறது. மருந்துகளையும் பட்டியல்களாகப் பிரித்து எல்லை வைத்திருக்கிறது. 'ஓ' பட்டியலை எந்த வழி ஆலோசனையிலும் எழுதலாம். 'ஏ' பட்டியலுக்கு முதல் ஆலோசனை வீடியோவில் நடக்க வேண்டும். 'பி' பட்டியல், நேரில் பார்த்த அதே நோய்க்கான தொடர் ஆலோசனைக்கு மட்டும்: அடெனோலாலில் ரத்த அழுத்தம் அடங்காதவருக்கு எனலாப்ரில் சேர்ப்பது போல. கடும் கட்டுப்பாட்டில் உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை எழுதவே கூடாது. மாணவர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்? படிப்பை முடித்ததும் இ-சஞ்சீவனியில் (அரசின் தொலைமருத்துவ சேவை) உட்காரப்போகிறவர்கள் அவர்கள்.

குழந்தைநலம்:
பட்டியலை மனப்பாடம் செய்வது ஒரு மணி நேர வேலை மேடம். சிக்கல் பரிசோதனையில்தான். இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதம் வரை 50, அதன்பின் 5 வயது வரை 40, இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் வேகமூச்சு. சிக்னல் மோசமானால் படம் விட்டுவிட்டு வரும், சில மூச்சுகள் கண்ணில் படாமலே போகும், எண்ணிக்கை குறைந்து குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆபத்தான பிழை இது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் சட்டையைத் தூக்கிவிட்டு அருகிலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும், மருத்துவர் விலா உள்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செவிலியரிடம் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லித்தராமல் தொலைமருத்துவம் நடத்தாதீர்கள்.

தோல்_துறை:
எங்கள் துறையில் ஆசிரியர்களின் எதிர்ப்பு குறைவு, ஆனால் சோம்பல் உண்டு. வீடியோவை நிறுத்தி எடுத்த படத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மாறினால் சிவப்பு மங்கிவிடும், கருநிறத் தோலில் இன்னும் மோசம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்துடன் ஒன்று என மூன்று படங்கள் கேளுங்கள்.

வார்டு_ரவுண்ட்:
நீங்கள் இருவரும் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. வேகமூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகாதவன் செவிலியரிடம் எதைக் கேட்பான்? இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வேண்டவே வேண்டாம். ஹவுஸ் சர்ஜன் காலத்தில், சமுதாய மருத்துவத்துக்கான 12 வாரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சமுதாய_மருத்துவம்:
அந்த 12 வாரம் எனக்குச் சம்மதம். ஆனால் இறுதியாண்டு ஓஸ்கியில் (நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு) ஒரு நிலையமாவது வேண்டும் சார். தேர்வில் இல்லாததை எந்த மாணவரும் படிப்பதில்லை, பல ஆசிரியர்களும் எடுப்பதில்லை. அங்கே பார்க்க வேண்டியவை: நோயாளி யார் என்று மாணவர் உறுதிசெய்தாரா, தன் பெயரையும் பதிவு எண்ணையும் சொன்னாரா, சிறுவரென்றால் கூட ஒரு பெரியவர் இருக்கிறாரா, நேரில் வரச்சொல்ல வேண்டிய அறிகுறியைக் கேட்டாரா. இவற்றில் கடைசியைத் தவறவிட்டால் மற்றவை எத்தனை சரியாக இருந்தாலும் தோல்வி.

வார்டு_ரவுண்ட்:
அந்தக் கடைசி நிபந்தனையை எழுத்தில் போடுங்கள், தேர்வாளராக நான் வருகிறேன். வார்டு நேரத்திலிருந்து ஒரு மணிகூடத் தரமாட்டேன்.