முருகனுக்குச் சின்ன ‘ஜி’யா? ஆங்கிலத்தில் சமயச் சொற்களும் பெரிய எழுத்தும்

குறிஞ்சிவாணன் (கேள்வி):
எங்கள் ஊர் முருகன் கோயிலின் தல வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சுக்குக் கொடுத்திருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் திருப்பி அனுப்பிய படியில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் சிவப்பு மை. முருகன் என்ற பெயரைத் தொடாமல், அவரைக் குறித்து நான் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ‘காட்’ (கடவுள்), ‘ஹீ’, ‘ஹிஸ்’ ஆகியவற்றையும், ‘பூஜா’, ‘தர்மா’, ‘டெம்பிள்’ ஆகியவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டார். “பைபிள் கடவுளுக்குப் பெரிய ஜி, நம் முருகனுக்குச் சின்ன ஜியா?” என்று அறங்காவலர் ஒருவர் கேட்கிறார். என்ன விடை சொல்வது?

பிழைதிருத்தி:
பெரிய எழுத்து மரியாதைக் குறி அன்று. அது பெயர்க் குறி. தமிழில் ‘அவர்’ என்பதிலேயே மரியாதை அடங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் அதைத் தேடும் நாம் பெரிய எழுத்தைப் பிடித்துக்கொள்கிறோம். தாயை ‘மாம்’ என்று பெயர்போல அழைத்தால் அங்கே பெரிய எம் வரும். ‘மை மாம்’ என்றால் சிறிய எம் போதும், அதனால் தாய்க்கு மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. ‘காட்’ என்பதும் அப்படித்தான். ஒரே கடவுளை மட்டும் கொள்ளும் சமயங்களில் அந்தப் பொதுச்சொல்லே அவருக்குப் பெயராக நிற்பதால் பெரிய ஜி வருகிறது. அதே பைபிளின் பத்துக் கட்டளைகளில், வேறு தெய்வங்கள் உனக்கு வேண்டாம் என்னும் இடத்தில் ‘காட்ஸ்’ சிறிய ஜியில்தான் இருக்கிறது. ‘தி காட் முருகன்’ என்று நீங்கள் எழுதும் இடத்தில் முருகன் என்ற பெயர் ஏற்கெனவே நிற்கிறது. அதற்கு முன்னால் வரும் ‘தி காட்’ வெறும் பொதுச்சொல். ஆனால் ‘லார்ட் முருகன்’ என்று எழுதினால், பெயரோடு ஒட்டிய பட்டம் என்பதால் பெரிய எல் இடலாம். சைவ சித்தாந்தத்தின் பதியை, ஒருவனே இறைவன் என்ற பொருளில், ‘தி’ இல்லாமல் ‘காட்’ என்று எழுதும்போது பெரிய ஜி இடுவதே முறை. இதை அந்த அறங்காவலரிடம் சொல்லுங்கள். பாதிச் சண்டை தீரும்.

வேதாகம வாசகன்:
‘ஹீ’, ‘ஹிஸ்’ பற்றி மட்டும் சொல்கிறேன். கடவுளைக் குறிக்கும் சுட்டுப்பெயர்களுக்குப் பெரிய எழுத்து இடுவது பழைய கிறித்தவ மரபு என்று பலர் நினைக்கிறார்கள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அவை சிறிய எழுத்தில்தான் உள்ளன. அதன் வழிவந்த, 1982இல் நிறைவுற்ற நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பில்தான் அவை பெரிய எழுத்தாயின. இன்று ஆங்கில எழுத்துநடைக்குப் பலர் பின்பற்றும் சிகாகோ கையேடும் அசோசியேட்டட் பிரஸ் கையேடும் சிறிய எழுத்தையே பரிந்துரைக்கின்றன. எனினும் வழிபாட்டு நூல்களில் பெரிய எழுத்தை வேண்டுமென்றே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் நூல் பக்தர்களுக்கு மட்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு மாதிரி, முப்பதாம் பக்கத்தில் வேறு மாதிரி என்று இருக்கக்கூடாது.

பிழைதிருத்தி:
மற்றச் சொற்களில் நியாயத்தைவிட வழக்கமே ஆள்கிறது. ‘பைபிள்’ பெரிய பி, அதிலிருந்து பிறந்த ‘பிப்ளிக்கல்’ சிறிய பி. ஆனால் ‘வேதாஸ்’, ‘வேதிக்’ இரண்டுக்கும் பெரிய வி. ‘சாத்தான்’ பெயர் என்பதால் பெரிய எஸ் பெறுகிறான். ‘டெவில்’ சிறிய டியோடு நின்றுவிடுகிறான். தர்மம், கர்மம், பூஜை எல்லாம் பொதுச்சொற்கள், ஆகவே சிறிய எழுத்து. கோயிலின் முழுப்பெயரோடு சேரும்போது ‘டெம்பிள்’ பெரிய டி பெறும். தனியே வரும்போது பெறாது.

குறிஞ்சிவாணன்:
இருவருக்கும் நன்றி. சுட்டுப்பெயர்களைச் சிறிய எழுத்தாகவே விட்டுவிட்டேன். அப்படிச் செய்ததும் சூரசம்ஹாரப் பக்கத்தில் ஒரு சிக்கல் எழுந்தது: முருகனும் ‘ஹீ’, சூரபத்மனும் ‘ஹீ’, வேலை எறிந்தது யார், மாமரமாக நின்றது யார் என்றே தெரியவில்லை. இதுவரை பெரிய எழுத்துதான் என் சோம்பலை மறைத்திருக்கிறது. இப்போது ஒவ்வோர் இடத்திலும் பெயரையே எழுதிவிட்டேன். மாமரம் பிளந்து மயிலும் சேவலுமாகும் வரியில் மயிலுக்கு மட்டும் பெரிய பி இட்டிருந்ததை மெய்ப்புப் பார்த்தவர் கவனிக்கவில்லை. அதை நானே அடித்துவிட்டேன்.